குளிர்காலப் பண்டிகைகள் எல்லாவற்றுக்கும் நீண்ட இரவுதான் மூலமா?

மாலைவெயில் கேட்டது:

வணக்கம். நூலக வாசகர் வட்டம் ஒன்றுக்காக, உலகெங்கும் குளிர்காலத்தில் கொண்டாடப்படும் பண்டிகைகளைப் பற்றிய சிறு கண்காட்சி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். முகப்புப் பலகைக்கு நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: ஆண்டின் மிக நீண்ட இரவைக் கண்டு அஞ்சிய ஆதி மனிதர், சூரியன் திரும்பி வரவேண்டும் என்று தீ மூட்டினர், அந்தத் தீயிலிருந்தே ஈரானின் யால்டா, சீனாவின் டோங்ஜி, யூதர்களின் ஹனுக்கா, சுவீடனின் லூசியா, கிறிஸ்துமஸ் ஆகிய அனைத்தும் கிளைத்தன.

படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்பண்டிகைகளின் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதியோடு நேராகப் பொருந்துபவை மிகச் சிலவே என்பதைக் கவனித்தேன். லூசியா டிசம்பர் 13-இல் வருகிறது. ஹனுக்கா ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. எல்லாம் ஒரே இரவிலிருந்து பிறந்தவை என்றால் தேதிகள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? அந்த வாக்கியத்தை முகப்பில் வைக்கலாமா, கூடாதா?

நாட்காட்டிப்பித்தன்:

வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் குறிப்பிட்ட ஐந்தில் இரண்டு மட்டுமே, ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளான கதிர்த்திருப்பத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டவை. மற்ற மூன்றும் டிசம்பருக்கு வந்து சேர்ந்த வழிகள் வெவ்வேறானவை. அந்த வழிகள்தாம் சுவையானவை.

முதலில் உறுதியான இரண்டு. ஈரானின் நாட்காட்டி சூரியனின் உண்மையான நகர்வை ஒட்டி அமைந்தது. அதில் இலையுதிர்காலத்தின் கடைசி மாதமான ஆசர் முடியும் இரவே யால்டா. அதாவது அந்த நாட்காட்டியின் அமைப்பே அவ்விரவை மிக நீண்ட இரவாக ஆக்கிவிடுகிறது. குடும்பத்தார் மூத்தவர் வீட்டில் கூடி, மாதுளையும் கோடையிலிருந்து காத்து வைத்த தர்ப்பூசணியும் உண்டு, 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாஃபிஸின் பாடல் தொகுப்பை ஏதேனும் ஒரு பக்கத்தில் திறந்து, அங்கே கண்ட வரிகளைத் தமக்கான குறியாகக் கொள்வர். ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தின்படி 2022-இல் யுனெஸ்கோ இவ்விரவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

டோங்ஜியும் அவ்வாறே. வானில் சூரியன் தன் 360 பாகை ஆண்டுப் பாதையில் 270 பாகையை அடையும் நாளே, அதாவது கதிர்த்திருப்ப நாளே, அது. வேறு எந்த விளக்கமும் அதற்குத் தேவையில்லை. வடசீனத்தில் கொழுக்கட்டை போன்று மடித்த மாவுப் பண்டமும், தெற்கே பசையரிசி மாவு உருண்டைகளும் அன்றைய உணவு. கொரியாவில் அதே நாளில் செம்பயற்றுக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அதன் சிவப்பு நிறம் தீய ஆவிகளை விரட்டும் என்ற நம்பிக்கையில் முற்காலத்தில் அதை வாயிலிலும் சுவரிலும் தெளித்தார்கள். ஜப்பானில் யூசு என்னும் நறுமண எலுமிச்சை வகையை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பது வழக்கம். பலர் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: சீன மரபு நாட்காட்டியில் கதிர்த்திருப்பம் எந்தச் சந்திர மாதத்துக்குள் விழுகிறதோ அதுவே பதினோராம் மாதம் என்பது விதி. ஆகவே ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே எங்கோ வரும் சீனப் புத்தாண்டு, பார்வைக்குத் தொலைவில் நின்றாலும், அந்த நீண்ட இரவிலிருந்து எண்ணிப் பெறப்படும் நாள்தான். பெரும்பாலான ஆண்டுகளில் அது கதிர்த்திருப்பத்துக்குப் பின் வரும் இரண்டாவது அமாவாசை.

இனி லூசியா. இவர் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் சிரக்கூசாவில் கொல்லப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெண். ஐரோப்பாவின் பழைய நாட்காட்டியான ஜூலியன் நாட்காட்டி ஏறத்தாழ 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சூரியனிடமிருந்து விலகிக்கொண்டே வந்ததால், 14-ஆம் நூற்றாண்டளவில் மிக நீண்ட இரவு டிசம்பர் 13-ஐ ஒட்டி வந்துவிட்டது. அந்நாள் ஏற்கெனவே லூசியாவின் நினைவு நாளாக இருந்தது. வடநாட்டு மக்களின் நீண்ட இரவு நம்பிக்கைகள் அதன்மேல் ஏறிக்கொண்டன. சுவீடன் 1753-இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது கதிர்த்திருப்பம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது, லூசியா மட்டும் 13-இலேயே தங்கிவிட்டாள். இன்று நாம் படங்களில் காணும், தலையில் மெழுகுவத்தி முடி சூடிய பெண்ணின் ஊர்வலம் நாடு முழுவதும் பரவியதற்கு 1920-களின் இறுதியில் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று நடத்திய தேர்வே பெரிதும் காரணம். ஆதி மனிதரின் தீயிலிருந்து அது நேராக இறங்கி வரவில்லை.

ஜனவரி 7-க்கு இன்னும் எளிய விடை: அவர்களுக்கு அது டிசம்பர் 25 தான். ரஷ்யா, செர்பியா முதலிய நாடுகளின் திருச்சபைகள் இன்றும் ஜூலியன் கணக்கைப் பின்பற்றுகின்றன. இரண்டு கணக்குகளுக்கும் இப்போதைய வேறுபாடு 13 நாள். 2100 பிப்ரவரிக்குப் பின் அது 14 ஆகிவிடும். மாற்றம் எதுவும் செய்யாவிட்டால் அடுத்த நூற்றாண்டில் அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 8-க்கு நகரும். உக்ரைன் 2023-இல் சட்டம் இயற்றி டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது. ஆர்மீனியத் திருச்சபை இந்த வழக்குக்குள்ளேயே வரவில்லை. இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6-இல் கொண்டாடும் பழைய மரபை அது விடாமல் காத்து வருகிறது.

ஹனுக்கா வேறு கதை. கி.மு. 164-இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்ததன் நினைவாக, கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள் விளக்கேற்றுகிறார்கள். மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுகின்றன. 19 ஆண்டுகளில் ஏழு முறை கூடுதல் மாதம் சேர்த்துப் பருவத்தோடு இணைத்துவைக்கிறார்கள். அதனால்தான் 2013-இல் நவம்பர் 27 மாலையிலும் 2024-இல் டிசம்பர் 25 மாலையிலும் அது தொடங்கியது. கதிர்த்திருப்பத்துக்கும் அதற்கும் விதிப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்று மட்டும் உண்மை: மாதத்தின் 25-இல் தொடங்கும் எட்டு நாள் என்பதால் எப்போதும் அமாவாசை அதற்குள் அடங்கிவிடும். நிலவற்ற இரவுகளில் விளக்கு வரிசை எழுவதை எவரும் கண்ணால் காணலாம். ஆனால் அதற்காகவே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று எழுதுவது நாமாகச் சேர்ப்பது.

வெண்பனி:

நாட்காட்டிப்பித்தன் அவர்கள் தேதிகளைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆயினும் நாட்காட்டி ஒரு விழா எந்த நாளில் வருகிறது என்பதைச் சொல்லுமே அல்லாமல், அந்தப் பருவத்தில் ஏன் இத்தனை விழாக்கள் குவிகின்றன என்பதைச் சொல்லாது. அதற்கு வானத்தை விட்டுவிட்டுத் தொழுவத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வட ஐரோப்பாவில் இலையுதிர்காலம் முடியும்போது உழவனுக்கு முன்னே ஒரு கணக்கு இருந்தது: சேர்த்து வைத்த வைக்கோல் எத்தனை மாடுகளை வசந்தம் வரை காப்பாற்றும்? காப்பாற்ற முடியாதவற்றை நவம்பரில் அறுத்தார்கள். பன்றிகள் அதற்குள் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்திருக்கும். இறைச்சியின் பெரும்பகுதியை உப்பிட்டும் புகையில் காட்டியும் பத்திரப்படுத்தினர். பத்திரப்படுத்த இயலாததை உடனே தின்றுதான் தீர்க்க வேண்டும். அறுவடைத் தானியத்திலிருந்து காய்ச்சிய பியரும் ஏறத்தாழ அதே சமயத்தில் பக்குவமாகியிருக்கும். நிலம் உறைந்து கிடப்பதால் வயலில் வேலை இல்லை. இறைச்சி, மது, ஓய்வு மூன்றும் ஆண்டில் வேறெப்போதும் இப்படிச் சேர்ந்து கிடைப்பதில்லை. விழா அந்த மாதங்களில் விழாமல் வேறெங்கே விழும்?

நீண்ட இரவைக் கண்டு அஞ்சினார்கள் என்ற கூற்றில் எனக்கு இன்னொரு ஐயமும் உண்டு. வானத்தை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்தவர்களுக்குச் சூரியன் திரும்பிவிடும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக் குன்றை எழுப்பியவர்கள், சுமார் கி.மு. 3200-இலேயே, கதிர்த்திருப்பக் காலைகளில் மட்டும் உதயக் கதிர் வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே நுழைந்து உள்ளறை வரை எட்டுமாறு கல்லை அடுக்கியிருக்கிறார்கள். நிகழப்போவதை இத்தனை நுட்பமாகக் கணித்துக் கட்டியவர்களை, சூரியன் வருமோ வராதோ என்று நடுங்கியவர்களாகச் சித்திரிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மேலும், மிகக் குறுகிய பகலும் மிகக் கொடிய குளிரும் ஒரே நாளில் வருவதில்லை. நிலமும் கடலும் வெப்பத்தை மெதுவாகவே இழப்பதால், குளிரின் உச்சம் பொதுவாக ஒரு மாதம் தள்ளி ஜனவரியில்தான் வருகிறது. நார்வே மக்களின் பழைய யூல் விழா அந்த நடுக்குளிர் இரவில்தான் தொடங்கியது என்றும், 10-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவரான அரசர் ஹாக்கோன் அதைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினார் என்றும் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஒவ்வொருவரும் ஓர் அளவு பியர் காய்ச்ச வேண்டும், அது தீரும்வரை விழா கொண்டாட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டாம்! விழாவின் நீளத்தைத் தீர்மானித்தது வானமா பீப்பாயா என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைக்காது.

நாட்காட்டிப்பித்தன்:

தொழுவத்தின் வாதம் வட ஐரோப்பாவுக்குப் பொருந்தும். யால்டாவின் மாதுளைக்கும் யூசுக் குளியலுக்கும் அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

வெண்பனி:

பொருந்தாது, பொருந்தும் என்று நான் சொல்லவும் இல்லை. ஒரே மூலம் இல்லை என்று நீங்கள் தேதியைக் கொண்டு காட்டினீர்கள், நான் உணவைக் கொண்டு காட்டுகிறேன். அவ்வளவுதான்.

ஓலைச்சுவடி:

கிறிஸ்துமஸைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. ரோமானியரின் சூரிய விழாவைத் திருச்சபை அப்படியே எடுத்துக்கொண்டது என்பது இணையத்தில் முடிந்த முடிவாகச் சொல்லப்படுகிறது. அறிஞர்களிடையே அது இன்னும் விவாதத்தில் உள்ளது. பலகையில் எழுதும்போது அந்த நிலையை அப்படியே காட்டுவது நல்லது.

பேரரசர் அவுரேலியன் 274-இல் வெல்லற்கரிய சூரியனுக்கு ரோமில் கோயில் எழுப்பியது உண்மை. டிசம்பர் 25-இல் அச்சூரியனின் பிறந்தநாள் குறிக்கப்பட்டிருப்பதும் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் ஆவணம் 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த தொகுப்பு. அதே தொகுப்பில்தான் கிறிஸ்து பிறந்தது டிசம்பர் 25 என்ற குறிப்பும் இருக்கிறது. எது முந்தியது, எது எதைப் பின்பற்றியது என்பதை அந்த ஆவணத்தைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. மற்றொரு விளக்கமும் வலுவானது: இயேசு மார்ச் 25-இல் சிலுவையில் இறந்தார், அதே நாளில்தான் கருவிலும் உருவானார் என்ற நம்பிக்கை பழங்காலத்தில் இருந்தது, புனித அகுஸ்தீனாரும் அதைக் குறிப்பிடுகிறார். மார்ச் 25-உடன் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கொண்டவர்களுக்கு அதே கணக்கு ஜனவரி 6-ஐத் தருகிறது. மேலே சொல்லப்பட்ட ஆர்மீனியரின் நாளை இந்த விளக்கம் தெளிவாக்குகிறது, சூரிய விழா விளக்கம் தெளிவாக்குவதில்லை.

சாட்டர்னேலியா விழாவையும் பலர் இதில் இழுப்பர். அது டிசம்பர் 17-இல் தொடங்கி, நாளடைவில் 23 வரை நீண்ட விழா. அடிமைகளும் எசமானரும் ஒன்றாக உண்டார்கள், சில வீடுகளில் எசமானரே பரிமாறினார். மெழுகுவத்திகளையும் சிறு மண்பொம்மைகளையும் பரிசாகக் கொடுத்தனர். இன்றைய வழக்கங்களோடு ஒப்புமை இருக்கிறது. ஆனால் தேதி 25 அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய அரசிதழ்:

இதுவரை வானமும் தொழுவமும் வேதமும் பேசின. அரசாணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஏனெனில் இன்று நாம் காணும் வடிவங்களில் பல, ஒரு விழாவை எங்கோ தடைசெய்ததால் உண்டானவை.

ஸ்காட்லாந்தில் புத்தாண்டு விழாவான ஹாக்மனே ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? சீர்திருத்தத் திருச்சபையினர் வேதத்தில் இல்லாத விழா என்று கிறிஸ்துமஸை ஒதுக்கினர். 1640-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், யூல் என்று அங்கே அழைக்கப்பட்ட கிறிஸ்துமஸ் விடுமுறையையே நீக்கியது. அங்கே கிறிஸ்துமஸ் மீண்டும் பொது விடுமுறையானது 1958-இல். இடைப்பட்ட காலமெல்லாம் குளிர்காலக் களிப்பு முழுவதும் டிசம்பர் 31 இரவின் பக்கம் ஒதுங்கியது. நள்ளிரவுக்குப் பின் வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் கருமுடி கொண்டவராக, கையில் நிலக்கரியோ ரொட்டியோ விஸ்கியோ ஏந்தியவராக இருக்க வேண்டும் என்ற வழக்கமும் அந்த இரவுக்கு உரியதே. இங்கிலாந்திலும் 1647-இல் தடை வந்தது. கேன்டர்பரி நகரில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கடைகளைத் திறக்கச் சொன்னதற்காகக் கலவரமே மூண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்.

சோவியத் நாட்டில் நடந்தது இன்னும் விந்தையானது. கிறிஸ்துமஸ் மரத்தை மதச் சின்னம் என்று விலக்கிய அதே அரசு, 1935-இன் இறுதியில் அதைப் புத்தாண்டு மரமாக மீட்டெடுத்தது. உச்சியில் பெத்லகேம் விண்மீன் இருந்த இடத்தில் செந்நட்சத்திரம் ஏறியது. பனித் தாத்தாவும் அவருடைய பேத்தி ஸ்னெகுரோச்சுகாவும் பரிசு வழங்கினர். ஜனவரி 7 விடுமுறையாகத் திரும்பி வந்த பின்னரும், ரஷ்யக் குடும்பங்களில் மரமும் பரிசும் இன்றுவரை புத்தாண்டுக்கே உரியவையாக இருக்கின்றன. கியூபா 1969-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் கரும்பு அறுவடைக்கு இடையூறு என்பது. 1998 ஜனவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வருவதை ஒட்டித்தான் அது திரும்பக் கிடைத்தது. வெண்பனி அவர்களின் ஓய்வு வாதத்துக்கு இது நல்ல மறுபக்கம். வடக்கே வயல் ஓய்ந்திருந்ததால் விழா வளர்ந்தது, கியூபாவில் வயல் ஓயாததால் விழா நின்றது.

வணிகத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஜப்பானில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையே அல்ல. ஆயினும் அன்று பொரித்த கோழிக்கு வரிசையில் நிற்கிறார்கள், காரணம் கே.எஃப்.சி. நிறுவனம் 1974-இல் தொடங்கிய விளம்பரம்.

மாலைவெயில்:

அனைவருக்கும் நன்றி. இத்தனை விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை. முகப்பு வாக்கியத்தை நீக்கிவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, குவான்சாவைப் போன்ற அண்மைக்கால விழாக்களைப் பழைய விழாக்களோடு ஒரே சுவரில் வைப்பது பொருத்தமா? மற்றொன்று, தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைகாலம் அல்லவா. அங்கே குளிர்காலப் பண்டிகை என்று எதைக் காட்டுவது?

பழைய அரசிதழ்:

குவான்சாவைத் தயங்காமல் வையுங்கள். 1966-இல் மௌலானா கரெங்கா அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக அதை உருவாக்கினார். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள், நாளுக்கொரு நெறி, நாளுக்கொரு மெழுகுவத்தி. ஆப்பிரிக்காவின் முதற்கனி அறுவடை விழாக்களை முன்மாதிரியாகக் கொண்டது. விழாவை உண்டாக்கியவர் யார், ஆண்டு எது, நோக்கம் என்ன என்பவை எல்லாம் தெரிந்திருப்பது ஒரு குறை அன்று. லூசியா ஊர்வலத்தின் இன்றைய வடிவமும் அதைவிட நாற்பது ஆண்டுகளே மூத்தது.

தென்முனை:

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். தெற்கே மிக நீண்ட இரவு ஜூன் 20 அல்லது 21-இல் வருகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அதற்கான விழாக்கள் அங்கே இருந்தன. பெருவின் குஸ்கோ நகரில் இன்கா அரசர்கள் நடத்திய சூரிய விழாவான இன்டி ரைமி, ஸ்பானியர் ஆட்சியில் ஒடுக்கப்பட்டு, 1944-இல் மீண்டும் அரங்கேறியது. இன்று அது ஜூன் 24-இல் நடக்கிறது. அந்த 24, கதிர்த்திருப்பம் அல்ல. புனித யோவானின் திருநாள். லூசியாவுக்கு நேர்ந்தது போலவே இங்கும் ஒரு புனிதரின் நாளும் நீண்ட இரவும் அருகருகே வந்துவிட்டன. பொலிவியாவில் அய்மாரா மக்கள் ஜூன் 21 அதிகாலையில் திவனாக்கு இடிபாடுகளுக்கு முன்னே கூடி, கைகளை உயர்த்தி முதல் கதிரை ஏற்கிறார்கள். 2009 முதல் அது அந்நாட்டின் பொது விடுமுறை.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தின் மத்தாரிக்கி. அது சூரியனையே பார்ப்பதில்லை. நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டம் சில வாரங்கள் மறைந்திருந்து, நடுக்குளிரில் விடியலுக்கு முன் கீழ்வானில் மீண்டும் தோன்றும்போது மவோரி மக்களுக்குப் புத்தாண்டு தொடங்குகிறது. அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை அப்போது விண்மீன்களை நோக்கி உரக்கச் சொல்லி விடைகொடுப்பர். மேற்குப் பகுதிகளில் வாழும் சில குலத்தார் அதற்குப் பதிலாக ரைஜல் விண்மீனின் எழுச்சியைக் குறியாகக் கொள்கின்றனர். 2022 ஜூன் 24-இல் இது முதன்முறையாகப் பொது விடுமுறையானது. சந்திர மாதத்தைச் சார்ந்திருப்பதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே 2052 வரைக்குமான தேதிகளைச் சட்டத்திலேயே அட்டவணையாக அச்சிட்டிருக்கிறார்கள். 2023-இல் அது ஜூலை 14-க்கும் 2024-இல் ஜூன் 28-க்கும் வந்தது.

அன்டார்டிகாவையும் விட்டுவிடாதீர்கள். அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கும் ஆய்வு நிலையத்தாருக்கு ஜூன் 21 ஆண்டின் மிகப் பெரிய நாள். விருந்தும் கையால் செய்த பரிசுகளும் உண்டு, நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். கதிர்த்திருப்பத்தை மட்டுமே காரணமாகக் கொண்ட ஒரு விழாவைத் தேடினால், தெய்வமோ புனிதரோ அறுவடையோ இல்லாத அந்தக் கண்டத்தில்தான் அது கிடைக்கிறது.

நாட்காட்டிப்பித்தன்:

தென்முனை அவர்களின் விடையைக் கண்டபின் ஒரு யோசனை தோன்றுகிறது. பலகைகளை நாடுவாரியாக வைக்காமல், ஒவ்வொரு விழாவும் எதைக் கொண்டு தன் நாளைக் கணிக்கிறது என்பதன்படி வைத்துப் பாருங்கள். யால்டா, டோங்ஜி, அன்டார்டிகா ஒரு பக்கம். ஹனுக்காவும் சீனப் புத்தாண்டும் சந்திரனையும் சூரியனையும் சேர்த்து எண்ணுபவை. லூசியாவும் ஜனவரி 7-உம் பழைய நாட்காட்டியின் எச்சங்கள். மத்தாரிக்கி தனியே விண்மீனுக்கு உரியது. ஹாக்மனேயையும் ரஷ்யப் புத்தாண்டு மரத்தையும் அரசாணைகளுக்கு அருகே வைக்கலாம். டிசம்பர் 25-க்கு மட்டும் இரண்டு விளக்கங்களையும் அடுத்தடுத்து எழுதி, முடிவைப் பார்வையாளரிடம் விட்டுவிடுங்கள்.